குறொஸ்மக்ளென் மைதானத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

டண்டோக், அயர்லாந்து
ஞாயிறு இரவு

அன்பின் குகன்,

உன்ர கடிதமும் படங்களும் கிடைத்தன. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று வாசித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். மூத்தவள் கம்பஸுக்குப் போய்விட்டாள். சின்னவனுக்குப் பன்னிரண்டு வயது. கால் ஒரு இடத்தில் நிற்காது, வீட்டுக்குள்ளேயும் பந்தடிதான்.

நீ அனுப்பியதில் நாலாவது படத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எங்கட மைதானத்தில் வடக்குப் பக்கக் கோல்கம்பம் நின்ற இடத்துக்குக் குறுக்கே ஆமிக் காம்பின் கம்பிவேலி போகிறது. இந்தப் பக்கம் பற்றையும் அந்த ஒற்றைப் பனையும். பாதி மைதானத்தோடு எங்கட உதைபந்தாட்டக் கழகத்தைத் திரும்பத் தொடங்குவதா, இல்லாவிட்டால் பக்கத்து ஊர்க் கழகத்தோடு சேர்ந்துவிடுவதா என்று கேட்டிருந்தாய். ரெண்டு கிழமையாக என்ன எழுதுவதென்று தெரியாமல் இருந்தேன். இன்றைக்கு ஒரு மைதானத்துக்குப் போய்வந்தேன். அதைச் சொன்னால்தான் என்ர பதில் உனக்கு விளங்கும்.

நான் இருக்கும் இடத்திலிருந்து காரில் அரை மணித்தியாலம் போனால் எல்லைக்கு அந்தப் பக்கம், பிரிட்டனின் கீழ் இருக்கும் வட அயர்லாந்தில், தென் ஆர்மாவில், குறொஸ்மக்ளென் என்று ஒரு சின்ன ஊர். 1,600 பேர் அளவில்தான் சனம். ஊர் நடுவில் ஊருக்குப் பொருந்தாத அளவு பெரிய சந்தைச் சதுக்கம். இங்கத்தைய ஆக்கள் சுருக்கமாகக் 'குறொஸ்' என்பார்கள். அயர்லாந்தின் சொந்த விளையாட்டுகளை நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கம் 1884இல் தேர்ள்ஸ் என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் தொடங்கியது. மூன்று வருஷம் கழித்து, 1887இல், இந்த ஊரார் தங்கட கழகத்தைத் தொடங்கிவிட்டார்கள். குறொஸ்மக்ளென் றேஞ்சர்ஸ். கறுப்பும் மஞ்சளும் அவர்களின் நிறம்.

கேலிக் உதைபந்தாட்டம் நீ பார்த்திருக்கமாட்டாய். பக்கத்துக்குப் பதினைந்து பேர். கையாலும் பிடிக்கலாம், காலாலும் அடிக்கலாம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு எட்டுக்கு மேல் ஓடக்கூடாது. நிலத்தில் ஒருதரம் குத்த வேண்டும், அல்லது காலால் மெல்லத் தட்டித் திரும்பக் கைக்கு எடுக்க வேண்டும். நல்ல விளையாட்டுக்காரன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டே, குனிந்து பாராமல் அதைச் செய்வான். கால்நுனியில் பட்ட பந்து நாய்க்குட்டி மாதிரி அவன்ர நெஞ்சுக்குத் தாவி வரும். பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலால் போனால் 1 புள்ளி, கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு 3. 2025இலிருந்து தூரத்து வளைவுக்கு வெளியே நின்று மேலால் அடித்தால் 2.

இதையெல்லாம் எனக்குச் சொல்லித்தந்தவர் என்னோடு வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். அந்த ஊரிலேயே பிறந்து, அந்தக் கழகத்துக்கே விளையாடியவர். இன்றைக்கு மைதானத்துக்கு அவர்தான் கூட்டிப்போனார். சென் ஒலிவர் பிளங்கற் பார்க் என்று பெயர். ஆட்டம் தொடங்க முன் என்னை ஒரு ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார்: "இந்த இடத்தில்தான் காம்ப் முட்டிக்கொண்டு நின்றது."

ஓம் மச்சான், காம்ப். 1970களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் ஆமி இவர்களின் காணியில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது. அந்தப் பகுதியில் வீதியெல்லாம் ஐஆர்ஏ, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக ஆயுதம் எடுத்த ஐரிஷ் இயக்கம், கண்ணிவெடி வைக்கும் என்பதால் ஆமி வாகனத்தில் போக்குவரத்துச் செய்யாது. சாப்பாடு, தண்ணி, ஆள், குப்பை, எல்லாம் ஹெலியில்தான். அந்த ஹெலி இறங்கி ஏறியது மைதானத்துக்குப் பக்கத்தில். ஆட்டம் நடக்கும்போது வந்தால் ஆட்டம் நிற்கும். சின்னப் பொடியன்கள் பந்தை மடியில் வைத்து அதன்மேல் கவிழ்ந்து படுப்பார்களாம், காற்றுக்குப் பறந்து மதிலுக்கு அங்கால் போனால் திரும்பி வராது என்று. வெளியூர் ஆட்டத்துக்குப் போகும்போது செக்பொயின்றில் பைகளை றோட்டில் கொட்டச் சொல்லி, சப்பாத்துக்குள்ளும் கைவிட்டுப் பார்ப்பார்கள். ஒருமுறை அவர் போய்ச் சேர முதற்பாதி முடிந்துவிட்டதாம். மறக்காமல் இன்னொன்றும் சொன்னார்: சென்றியில் நின்றவன்களும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள்தான், அவன்களுக்கும் பயம் முகத்தில் தெரியும் என்று. அந்த வருஷங்களில் தென் ஆர்மாவில் நூற்றுக்கு மேற்பட்ட ஆமிக்காரர் செத்தார்கள். ஊர்ச்சனமும் செத்தது. அவர் யாருக்காகவும் வக்காலத்து வாங்கவில்லை.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஹெலிச் சத்தம் கேட்டால் எங்கட கோல்கீப்பர் முதல் வேலையாகப் பூவரசடிக்கு ஓடுவானே, பந்தை விட்டிட்டு. அதைச் சொன்னேன். அவர் என்ர தோளில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

இனி நீ கவனமாகக் கேட்க வேண்டிய பகுதி. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அப்படி இருந்தும் அந்தக் கழகம் ஒரு வருஷம்கூட ஆர்மா மாவட்டப் போட்டியிலிருந்து விலகிப்போய் உட்காரவில்லை என்கிறார் பெரியவர். பெயரை மாற்றவில்லை. வேறெந்தக் கழகத்தோடும் கரைந்துபோகவும் இல்லை. கேலிக் விளையாட்டில் கழகம் என்பது பங்கோடு ஒட்டியது, தேவாலயப் பங்கு. நீ பிறந்து வளர்ந்த பங்குக்குத்தான் விளையாடுவாய், கழகம் மாறுவது சுலபமில்லை. யாருக்கும் சம்பளமும் இல்லை, பெரிய நட்சத்திரங்களுக்கும் இல்லை. திங்கட்கிழமை தச்சு வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற ஆக்கள்தான். அதனால் கழகத்தை விட்டுப் போக அவர்களுக்கு வேறு இடமே இல்லை. இது பலவீனம் என்று முதலில் நினைத்தேன். இல்லை, அவர்களைப் பிடித்து வைத்தது அதுதான்.

காம்பும் காவற்கோபுரமும் இருந்த காலத்திலேயே அவர்கள் அயர்லாந்து முழுவதையும் வென்றார்கள் மச்சான். 1997 மார்ச் 17, சென் பற்றிக்ஸ் தினம், டப்ளின் குறோக் பார்க்கில் அகில அயர்லாந்துக் கழக இறுதியாட்டம். மேயோ மாவட்டத்து நொக்மோர் கழகத்தை 2-13க்கு 0-11 என்று வென்றார்கள். முதல் இலக்கம் கோல், மற்றது புள்ளி. ஆகவே 19க்கு 11. 1999இலும் 2000இலும் மறுபடி. பிறகு 2007, 2011, 2012. ஆறு தரம். ஆர்மா மாவட்டக் கிண்ணத்தை 1996 தொடங்கி 2008 வரை பதின்மூன்று வருஷம் தொடர்ந்து வேறு ஒருவரும் தொடவில்லை.

முதல் மூன்று தரமும் பயிற்றுவித்தவர் ஜோ கேர்னன், ஊராள். பிறகு ஆர்மா மாவட்ட அணியைப் பொறுப்பெடுத்தார். 2002இல் மாவட்ட அணிகளுக்கான அகில அயர்லாந்து இறுதியாட்டத்தின் கதையைப் பெரியவர் எத்தனையாவது தரம் சொல்கிறாரோ தெரியாது, இன்றைக்கும் சொன்னார். எதிரணி கெரி மாவட்டம். இடைவேளைக்குச் சற்று முன் குறொஸ் பொடியன் ஓஷீன் மக்கொன்வில் பெனால்டியை விட்டுவிட்டான். ஆர்மா பின்தங்கி நிற்கிறது. உடைமாற்றும் அறையில் கேர்னன், 1977இல் தான் தோற்ற இறுதியாட்டத்துக்குக் கிடைத்த நினைவுச்சின்னத்தை எல்லோருக்கும் காட்டி, இதுதான் உங்களுக்கும் வேணுமா என்று கேட்டு, சுவரில் எறிந்து உடைத்தார். இரண்டாம் பாதியில் கோல் அடித்தது அதே மக்கொன்வில். 1-12க்கு 0-14. ஒரே ஒரு புள்ளி. ஆர்மாவுக்கு வாழ்நாளில் முதல் சாம் மக்வயர் கிண்ணம், அந்தப் போட்டியின் கிண்ணத்துக்கு அதுதான் பெயர். அடுத்தது 2024இல்தான், அதுவும் ஒரு புள்ளியால்.

காணி திரும்பி வரத் தொடங்கியது வட அயர்லாந்துச் சண்டையை முடித்த 1998 சமாதான உடன்படிக்கைக்குப் பிறகு. கொஞ்சம் கொஞ்சமாகத்தான். சதுக்கத்துக் காவற்கோபுரத்தை 2000இல் இடித்தார்கள். 2007இல் ஆமி முழுதாக வெளிக்கிட்டது. ஆமியும் பொலிஸும் கேலிக் சங்கத்தில் சேரக்கூடாது என்றிருந்த பழைய விதியை 2001இல் நீக்கினார்கள். வடக்கு மாவட்டங்களில் பெரும்பாலானவை அதற்கு எதிராகவே வாக்களித்தன. பெரியவரும் அப்போது எதிர்ப்புத்தான். இப்போது நீக்கியது சரி என்கிறார். எனக்கும் அது சரி என்றே படுகிறது, ஆனால் அதைச் சொல்லும் உரிமை என்னைவிட அவருக்குத்தான் கூட.

ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்: எங்கட நிலையும் அவர்கட நிலையும் ஒன்றல்ல. அவர்களுக்குப் பின்னால் நாடு முழுக்கக் கிளை பரப்பிய சங்கம் நின்றது, டப்ளின் அரசாங்கமும் லண்டனோடு இதைப்பற்றிக் கதைத்தது. நாங்கள் 1990இல் வெளிக்கிட்டபோது ஊரே சிதறிப்போனது. குறொஸ் சனம் ஊரிலேயே இருந்தது. இது பெரிய வித்தியாசம். ஆனாலும் உன்ர கேள்விக்கு என்ர பதில், சேராதே. பக்கத்து ஊர்க் கழகத்தின் மைதானத்தைக் கடனுக்குக் கேள், நல்ல ஆக்கள், தருவார்கள். ஆனால் எங்கட பெயரில், எங்கட பச்சை ஜேர்சியோடு லீக்கில் பதி. தோற்றால் தோற்கட்டும். பெயர் லீக் பட்டியலில் இருந்தால்தான், 'இந்தக் கழகத்தின் மைதானம் எங்கே' என்று யாரும் கேட்கவே முடியும். பட்டியலில் இல்லாத கழகத்துக்கு எதற்கு மைதானம் என்றுதான் சொல்வார்கள்.

இன்னொரு வேலையும் உனக்கு. அங்கே கழகத்தின் படங்களைச் சுவர் நிறைய மாட்டி வைத்திருக்கிறார்கள். பெரியவர் ஒவ்வொரு முகத்தையும் தொட்டு, இவன் இன்னாரின் பேரன் என்று சொல்லிக்கொண்டு போனார். கேர்னனின் மகன்மாரும் அதில் இருக்கிறார்கள், 2011இலும் 2012இலும் வென்ற அணிகளில். எங்களிடம் என்ன இருக்கிறது? செயலாளர் ஐயாவின் கூட்டக் குறிப்புப் புத்தகம் அவரோடு ரொறொன்ரோவுக்குப் போனது என்று கேள்வி. அடுத்த சனிக்கிழமை நான் ரெலிபோன் எடுக்கிறேன். நீ ஊரில் மிஞ்சியிருக்கிற கிழவர்மாரிடம் போய் இரு. எந்த வருஷம் யார் கப்டன், எந்த ஊரோடு சண்டை வந்தது, பந்து வாங்கக் காசு யார் தந்தது, எல்லாவற்றையும் கேட்டு எழுது. போனில் பதிவும் செய். தள்ளிப்போடாதே, போன மாரியில் மட்டும் ரெண்டு பேர் போய்விட்டார்கள் என்று நீதான் எழுதியிருந்தாய்.

இன்றைக்கு ஆட்டம் முடிந்ததும் சனம் எல்லாம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. சின்னப்பிள்ளைகள் பந்தோடு, தாய்மார் தள்ளுவண்டியோடு. சின்னவனும் ஓடினான். காம்ப் முட்டிக்கொண்டு நின்றது என்று பெரியவர் காட்டிய ஓரத்தில் நின்று ஏதோ ஒரு பொடியனோடு பந்து மாறிக்கொண்டிருந்தான். இருட்டும் வரை நாங்கள் கூப்பிடவில்லை.

தன்ர பழைய கேலிக் பந்து ஒன்றை உனக்கு அனுப்பச் சொல்கிறான். எங்கட பந்தைவிடக் கொஞ்சம் பாரம், பார்த்து உதைக்கச் சொல்லு. தையில் ஒருவர் ஊருக்கு வருகிறார், அவரிடம் கொடுத்துவிடுகிறேன். நீ அடுத்த கடிதத்தில், அந்தப் பனையிலிருந்து வேலி எத்தனை அடி என்று அளந்து எழுது. தெற்குக் கோல்கம்பத்தின் குழி இன்னும் இருக்கிறதா என்றும் பார்.

அன்புடன்,
ரவி