எந்தச் சோதனையின் கிலோமீட்டர்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் மின்கார் ஒப்பீட்டு அட்டவணையில், 'ஒரு சார்ஜுக்கு எத்தனை கி.மீ.' என்று ஆறு கார்களுக்கும் எண் போட்டிருக்கிறீர்கள். எந்தச் சோதனையில் வந்த எண் என்பது எங்குமே இல்லை. ஐரோப்பாவின் பழைய என்இடிசி சோதனை 1,180 விநாடிதான்; சராசரி வேகம் மணிக்கு சுமார் 34 கி.மீ. 2017 செப்டம்பரிலிருந்து அதன் இடத்துக்கு வந்த டபிள்யூஎல்டிபி 1,800 விநாடி ஓடும்; சராசரி 46-ஐத் தாண்டும், உச்சம் 131. சீனாவின் சிஎல்டிசி சோதனையில் சராசரி 29-தான்; மெதுவாக ஓடும் சோதனையில் தூரம் கூடுதலாக வரும். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இபிஏவோ ஆய்வகத்தில் கிடைத்த தூரத்தை வழக்கமாக 0.7-ஆல் பெருக்கிக் குறைத்தே அறிவிக்கிறது. ஒரே காருக்கு நான்கு விதமான எண் வரும். எல்லாவற்றையும் ஒரே வரிசையில் அடுக்கி முதலிடம் கொடுத்தால் வாங்குபவர்தான் ஏமாறுவார்.

பேட்டரி அளவிலும் இதே குழப்பம். செல்களைக் காக்க ஒரு பகுதியை, பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணு அமைப்பான பிஎம்எஸ் பூட்டியே வைத்திருக்கும். மொத்தக் கொள்ளளவை விட்டுவிட்டு, ஓட்டத்துக்குக் கிடைப்பதை மட்டும் ஒப்பிடுங்கள்.

அது 60 யூனிட் (ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-ஹவர்) என்று வைத்துக்கொள்வோம். கி.மீ.க்கு 150 வாட்-ஹவர் செலவானால் 400 கி.மீ. வரும். வேகம் 90-லிருந்து 120-க்கு ஏறினால் காற்றின் எதிர்ப்பு 1.78 மடங்காகிறது, செலவு 200-ஐத் தொட்டால் 300 கி.மீ.தான். நெடும்பயணத்தில் 80 சதவீதத்துக்கு மேல் ஃபாஸ்ட் சார்ஜிங் மந்தமாகிவிடும், 10-க்குக் கீழே இறங்கப் பலரும் துணிவதில்லை. ஆக, இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே கையில் இருப்பது 42 யூனிட், அதாவது 210 கி.மீ. பேட்டரியில் எந்தக் கோளாறும் இல்லாமலே பாதியாகிவிட்டது!

எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி என்றால் இன்னொரு கவனம் வேண்டும். அதன் வோல்டேஜ் நடுப்பகுதியில் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்பதால், அவ்வப்போது 100 வரை ஏற்றாவிட்டால் மீதி சதவீதத்தை பிஎம்எஸ் தவறாகக் கணிக்கும். 15 காட்டிக்கொண்டிருந்தது சட்டென்று சரிவது இதனால்தான். சோதனைக்கு முன் முழுமையாக ஏற்றிவிட வேண்டும்.

அடுத்த ஒப்பீட்டில் சோதனையின் பெயர், பயன்படும் யூனிட், மாறாத 100 கி.மீ. வேகத்தில் ஆகும் செலவு, அன்றைய வெப்பநிலை, டயர் காற்றழுத்தம் ஆகியவற்றை அச்சிடுங்கள். காற்றும் மேடும் ஒரு காருக்கு மட்டும் சாதகமாகாமல் இருக்க, ஒரே சாலையில் போக, வர இருமுறை ஓட்டுங்கள். பிறகு பிளக்கில் மீட்டர் வைத்து, மறுபடி நிரப்ப எத்தனை யூனிட் ஆனது என்று பாருங்கள். சார்ஜ் ஏறும்போது வீணாகும் மின்சாரம் டபிள்யூஎல்டிபியின் செலவுக் கணக்கில் சேர்ந்திருக்கும், காரின் திரையில் சேராது. இரண்டையும் நேருக்கு நேர் வைத்து, ஒரு கார் 'நிறுவனம் சொன்னதைவிடச் சிக்கனம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்குத் திருத்தம் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
மின்வாகனத் துறையில் பணிபுரியும் வாசகர்