ரியர் விங்கின் சுமையைத் தாங்குவது எது?

ஆசிரியருக்கு,

வணக்கம். ஸ்போர்ட்ஸ் கார்களைப் பந்தயத் தடத்துக்குத் தயார் செய்வது பற்றி உங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தேன். டயர், பிரேக் ஆயில், சீட் பெல்ட் பற்றி எழுதியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காற்றின் வேகத்தால் காரைத் தரையோடு அமுக்கும் பின்பக்க விங்குக்கு ஒதுக்கியது நாலே வரி. டிக்கி மூடியில் துளை போடுங்கள், விங்கை வைத்து முறுக்குங்கள், கோணத்தைக் கூட்டினால் பிடிப்பு கூடும் என்று முடித்துவிட்டார்கள். முதல் இரண்டும் பாதிதான் சரி. மூன்றாவது, ஓர் எல்லையைத் தாண்டினால் நேர்மாறாக நடக்கும். இதை நம்பி ஒருவர் 150 கி.மீ. வேகத்தில் வளைவுக்குள் போனால் என்ன ஆகும் என்பதால்தான் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

எவ்வளவு சுமை வரும் என்பது முதலில் தெரிய வேண்டும். விங் தரும் கீழ்நோக்கு அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 160 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம் கொண்ட ஒற்றை விங்குக்கு, அழுத்தக் கெழு (விங்கின் வடிவமும் கோணமும் தரும் திறனைக் காட்டும் எண்) 1.2 என்று வைத்துக் கணக்குப் போட்டால், 60 கி.மீ. வேகத்தில் 8 கிலோ, 100-ல் 22 கிலோ, 160-ல் 58 கிலோ, 200-ல் 90 கிலோ கிடைக்கும். ஹேர்பின் எனும் மெதுவான கூர்வளைவில் கார் வழுக்குகிறது என்று விங் வாங்குகிறவர்கள் இந்த முதல் எண்ணைப் பார்த்தாலே போதும். எட்டு கிலோவை வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் செய்ய முடியாது. அது டயர், சஸ்பென்ஷன் சமாசாரம்.

இனி அந்த 90 கிலோ எந்த வழியாகத் தரைக்குப் போகிறது என்று பாருங்கள். விங்கிலிருந்து இரண்டு ஸ்டாண்டுகள், அவற்றிலிருந்து டிக்கி மூடி, அங்கிருந்து இரண்டு கீல்கள், ஒரு பூட்டு, பிறகுதான் பாடி. டிக்கி மூடியின் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மழையையும் தூசியையும் தடுக்கச் செய்த பாகம் அது. சுமை கீழ்நோக்கித்தானே வருகிறது, அமுக்கினால் அமுங்கட்டும் என்று நினைப்பது தவறு. காற்று விங்கைப் பின்னோக்கியும் தள்ளுகிறது. விங்கும் பெரும்பாலும் ஸ்டாண்டின் அடிப்பாகத்துக்குப் பின்னால்தான் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்து ஸ்டாண்டைப் பின்பக்கமாகச் சாய்க்கப் பார்க்கும். அதனால் பின் போல்ட்டுகள் தகட்டை அமுக்க, முன் போல்ட்டுகள் அதை மேலே இழுக்கும். தடத்தின் ஓரக் கட்டைகளில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் இந்த இழுபறி நடக்கும். முதலில் போல்ட்டைச் சுற்றிப் பெயின்ட்டில் மெல்லிய மயிரிழை தெரியும். பிறகு தகடு குழியும், துளையிலிருந்து விரிசல் ஓடும்.

டிக்கி மூடியில்தான் பொருத்தப் போகிறீர்கள் என்றால், ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் அடியில், மூடியின் உட்புறம், 3 மி.மீ. கனமுள்ள அலுமினியத் தகடு ஒன்று வேண்டும். குறைந்தது 10 செ.மீ.க்கு 15 செ.மீ. இருக்கட்டும். மூலைகளை உருட்டிவிட்டு, மூடியின் உள்வளைவுக்கு ஏற்ப வளைத்து, உள்சட்டத்தின் விளிம்புகளில் உட்காரும்படி வைக்க வேண்டும். அகலமான வாஷர் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது, வாஷரின் விளிம்பிலேயே விரிசல் தொடங்கும். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. மூடிக்கு மேல்தகடு, உள்தகடு என்று இரண்டு உண்டு, நடுவே வெற்றிடம். போல்ட் இரண்டையும் துளைத்துப் போகிறது என்றால் இடையில் அந்த உயரத்துக்கு வெட்டிய குழாய்த் துண்டு ஒன்றைச் செருக வேண்டும். இல்லாவிட்டால் முறுக்க முறுக்கத் தகடுகள் ஒன்றையொன்று நோக்கி நசுங்கும். போல்ட் இறுகியது போலத் தெரியும், ஆனால் இறுகியிருக்காது. 8.8 வலிமைத் தரமுள்ள எம்8 (8 மி.மீ.) போல்ட்டுக்கு வழக்கமான 25 நியூட்டன் மீட்டர் முறுக்கைக் கொடுக்க இந்தக் குழாய் இருந்தால்தான் முடியும். நட், அதிர்வில் தளராதபடி உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக்காக இருக்கட்டும். கார்பன் ஃபைபர் அல்லது ஃபைபர் கிளாஸ் மூடிக்கு விதி இன்னும் கடுமை: உள்தகட்டை எப்பாக்ஸியால் ஒட்டாமல் போல்ட் போடவே கூடாது.

மூடி அசையாமல் இருப்பதும் முக்கியம். உள்ளே மூலைகளில் திருகி உயர்த்தக்கூடிய ரப்பர் கட்டைகள் இருக்கும். அவற்றை அரைச் சுற்றோ ஒரு சுற்றோ திருகி உயர்த்தி, மூடி அவற்றின்மேல் இறுக்கமாக உட்காரும்படி செய்யுங்கள். அப்போது சுமை பூட்டை மட்டும் நம்பியிருக்காது.

தடத்துக்கென்றே ஒதுக்கிய கார் என்றால் என் ஓட்டு, விங்கை நேராகக் காரின் அடிச்சட்டத்தில் பொருத்தும் சேஸிஸ் மவுண்ட்டுக்குத்தான். ஸ்டாண்டுகள் பம்பருக்குள் நுழைந்து, உள்ளே இருக்கும் மோதல் தாங்கியிலோ, அது போல்ட்டாகும் சேஸிஸ் முனையிலோ உட்காரும். சுமை நேராகச் சட்டத்துக்குப் போய்விடும். டிக்கியும் வழக்கம்போலத் திறக்கும். பம்பரை வெட்ட வேண்டும் என்பதும், பின்னால் யாராவது இடித்தால் சேதம் உள்ளே வரை போகும் என்பதும் இதன் குறைகள். ஸ்டாண்ட் உயரமாகிவிடுவதால் பக்கவாட்டில் ஆடும், 6 மி.மீ. அலுமினியத்துக்குக் குறையாமல் எடுத்து, குறுக்குத் தாங்கி ஒன்றும் கொடுக்க வேண்டும்.

இதெல்லாம் மிகை என்று நினைப்பவர்களுக்கு 1969 ஸ்பானிஷ் கிராண்ட் பிரீயை நினைவூட்டலாம். பார்சிலோனாவின் மோன்ட்ஜூயிக் தடத்தில் கிரகாம் ஹில், யோகன் ரிண்ட் இருவரின் லோட்டஸ் கார்களிலும் உயர விங்குகள் முறிந்து, இருவரும் தடுப்பில் மோதினார்கள். அடுத்த பந்தயமான மொனாக்கோவிலேயே உயர விங்குகளுக்குத் தடை வந்தது. ஃபார்முலா ஒன் பொறியாளர்களுக்கே நேர்ந்தது அது.

துளை போடும் வேலைக்கு அவசரம் ஆகாது. மூடியில் மாஸ்கிங் டேப் ஒட்டி நடுக்கோடு வரையுங்கள். விங்கைத் தற்காலிகமாக நிறுத்தி, அதன் இரு முனைகளிலிருந்தும் காரின் இரு பின் விளக்குகளின் ஒரே புள்ளிக்கு நாடா பிடித்து அளந்து, பிறகு மூலைவிட்டமாகவும் அளந்து பாருங்கள். 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மறுபடி நகர்த்துங்கள். மூடியின் விளிம்பை மட்டும் நம்பி வைத்தால் விங் கோணலாகிவிடும். மூடியே பாடியில் நேராக உட்கார்ந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 3 மி.மீ. துளையில் தொடங்கி ஸ்டெப் ட்ரில்லால் பெரிதாக்குங்கள். பிசிறு நீக்கி, வெட்டிய விளிம்பில் பிரைமர் பூசி உலரவிட்ட பிறகே போல்ட். மூடிக்குள் விழுந்த இரும்புத் துகள்களை உறிஞ்சி எடுக்காவிட்டால் அடுத்த மழைக்காலத்தில் உள்ளிருந்தே துரு பூக்கும். பழைய ஸ்பாய்லரைக் கழற்றினால் அதிலிருக்கும் மூன்றாவது பிரேக் விளக்குக்கு வேறு இடம் பார்க்க வேண்டும்.

பொருத்தியதும் நேரே தடத்துக்கு ஓடாதீர்கள். எதிர்பார்க்கும் அதிகபட்ச சுமையைப் போல ஒன்றரை மடங்கை மணல் மூட்டைகளாக, விங்கின் நீளம் முழுக்கச் சீராகப் பரப்பி வையுங்கள். நம் கணக்குப்படி 135 கிலோ. மூடிக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளி எங்கே குறைகிறது, ஸ்டாண்டின் அடியில் தகடு குழிகிறதா, மூட்டைகளை எடுத்த பின் எல்லாம் பழைய இடத்துக்கு வருகிறதா என்று பாருங்கள்.

உங்கள் கட்டுரை தொடவே இல்லாத விஷயம் முன் சக்கரங்கள். விங் பின் அச்சுக்கு மேலே இல்லை, அதற்கும் பின்னால் இருக்கிறது. சீசா பலகை மாதிரிதான்: பின்கோடியை அமுக்கினால் முன்கோடி எழும். 250 செ.மீ. வீல்பேஸ் (முன், பின் அச்சுகளின் இடைவெளி) உள்ள காரில், பின் அச்சிலிருந்து 90 செ.மீ. தள்ளி விங் இருந்தால், 160 கி.மீ. வேகத்தின் 58 கிலோ பின் சக்கரங்களில் 79 கிலோவாகக் கூடும். முன் சக்கரங்களில் 21 கிலோ குறையும். காற்று விங்கைப் பின்னோக்கித் தள்ளும் இழுவிசை கீழ்நோக்கு அழுத்தத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 10 கிலோ என்று வைத்தால், தரையிலிருந்து 120 செ.மீ. உயரத்தில் அது இன்னும் 5 கிலோவை முன்னாலிருந்து பின்னால் மாற்றும். முன், பின் ஸ்பிரிங்குகள் ஒவ்வொன்றின் விறைப்பும் சக்கரத்தருகே மில்லிமீட்டருக்கு 4 கிலோ என்றால் பின்பக்கம் 10 மி.மீ. தாழும், மூக்கு 3 மி.மீ. எழும். விளைவு, மெதுவான வளைவில் நன்றாகத் திரும்பிய கார் வேக வளைவில் ஸ்டியரிங்குக்கு மசியாமல் வெளியே ஓடும். இந்த அண்டர்ஸ்டியரைக் குறைக்க விங்கின் கோணத்தைக் கூட்டுபவர்கள் அதை இன்னும் மோசமாக்குகிறார்கள்.

ஆகவே முன்பக்கத்தையும் அமுக்க, பம்பரின் அடியில் முன்னோக்கி நீளும் பலகையான ஸ்ப்ளிட்டர் வேண்டும். ஒருவர் ஏறி நின்றாலும் வளையாத பலகை, பம்பருடன் காற்றுக் கசியாத இணைப்பு, சேஸிஸிலிருந்து வரும் தாங்கு கம்பிகள் ஆகிய மூன்றும் இருந்தால்தான் அது ஸ்ப்ளிட்டர். ஸ்ப்ளிட்டர் தயாராகும் வரை விங்கைப் பூஜ்ய டிகிரி கோணத்துக்கு அருகே வைத்து ஓட்டுவது நல்லது.

கட்டுரையோடு வந்த படத்தில் விங் டிக்கியிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பின்கண்ணாடியின் மறைவில் இருந்தது. அங்கே வருவது கூரையைத் தாண்டிக் கலங்கிய காற்று. விங் கூரை மட்டத்துக்கு அருகிலோ சற்று மேலேயோ இருந்தால்தான் நல்ல காற்று கிடைக்கும். பந்தய வகுப்பு விதிகள் எவ்வளவு உயரமும் அகலமும் அனுமதிக்கின்றன என்று வாங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். அடிப்பக்கம்தான் அதிகம் உழைக்கும் பக்கம் என்பதால், மேலிருந்து தொங்கவிடும் ஸ்வான் நெக் ஸ்டாண்ட் அந்தப் பரப்பைத் தடையில்லாமல் விடும்.

கோணத்தை அளக்க டிஜிட்டல் ஆங்கிள் கேஜ் போதும். சமதளத்தில், ஓட்டுநர் எடையுடன் கார் நிற்க, கேஜைத் தரையில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு விங்கின் முன்னுக்கும் பின்னுக்கும் குறுக்கே வைத்த நேர்கோலில் படியுங்கள். ஆனால் அந்த எண் காற்று பார்க்கும் எண் அல்ல. கூரை பின்னோக்கிச் சரியும் கூபே காரில் கூரையைத் தாண்டிய காற்று கீழ்நோக்கிச் சரிந்து வரும். அதனால் விங்கின் நடுப்பகுதிக்கு நீங்கள் வைத்ததைவிடச் சில டிகிரி அதிகமாகவே கிடைக்கும், முனைகளுக்குக் கிடைக்காது. நடுவில் முறுக்கிய த்ரீ-டி விங்குகள் வந்தது இதனால்தான். ஒற்றை விங் சுமார் 12 முதல் 15 டிகிரிக்குள் ஸ்டால் ஆகிவிடும். அடிப்பக்கக் காற்று ஒட்டாமல் பிரிந்து, அழுத்தம் விழும், இழுவிசை ஏறும். கேஜில் 10 காட்டும்போதே நடுப்பகுதி அங்கே போயிருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்கக் கம்பளி நூல் போதும். 8 முதல் 10 செ.மீ. துண்டுகளை விங்கின் அடியில் வரிசையாக, முன்நுனியை மட்டும் டேப்பால் ஒட்டி, கீழிருந்து கேமரா வைத்துப் பதிவு செய்யுங்கள். நூல்கள் பின்னோக்கி அமைதியாகக் கிடந்தால் சரி. பின்பாதி நூல்கள் சுழன்று முன்னோக்கி மடங்கினால் ஸ்டால்; 2 அல்லது 3 டிகிரி குறையுங்கள். இன்னும் அழுத்தம் வேண்டுமென்றால் கோணத்தைத் தொடாமல், 1971-ல் அமெரிக்கப் பந்தய வீரர் டான் கர்னி கொண்டுவந்த சிறு தகட்டு மடிப்பைப் பின்விளிம்பின் மேற்பக்கம் செங்குத்தாக ஒட்டிப் பாருங்கள். உயரம் விங்கின் அகலத்தில் 1 முதல் 2 சதவீதம், 25 செ.மீ. விங்குக்கு 2.5 முதல் 5 மி.மீ.

சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், டயர் அழுத்தமும் எரிபொருள் அளவும் மாறக்கூடாது. மெதுவான வளைவில் நடந்துகொள்ளும் விதம் மாறாமல் வேக வளைவில் மட்டும் மாறினால் அது விங்கின் வேலை. இரண்டிலும் மாறினால் வேறெங்கோ கை வைத்திருக்கிறீர்கள்.

முறுக்கி முடித்ததும் ஒவ்வொரு நட்டிலும் தொடங்கித் தகடு வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். முதல் ஓட்டம் முடிந்து பிட்டுக்கு வந்ததும் கோடு முறிந்திருக்கிறதா என்று பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. மறுமுறை இப்பகுதியை வெளியிடும்போது இதையாவது சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பந்தயக் கார் மெக்கானிக் ஒருவர்