வெளியில் வாங்கும் மருந்தும் கணக்கில் ஏறட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அரசாங்க மருத்துவமனைகளில் மருந்துத் தட்டுப்பாடு பற்றிப் பேச்செழும்போதெல்லாம், நிதி போதாது என்பதே முதற் காரணமாகச் சொல்லப்படுகிறது. மருந்தில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் இலங்கையில், 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகள் இடைநிறுத்தப்பட்ட காலத்து டொலர் நெருக்கடி என்ன செய்தது என்பதை நாம் கண்டோம், அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் முப்பது ஆண்டுகள் கணக்குப் புத்தகங்களோடு காலந்தள்ளியவன் என்ற முறையில், மருந்துத் தேவையைக் கணக்கிடும் விதத்திலும் ஒரு பிழை இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

சென்ற மாதம் என் மனைவியைக் கொழும்பிலுள்ள அரசாங்க மருத்துவமனையொன்றின் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றிருந்தேன். காலை ஆறரைக்கு இலக்கம் எடுத்து, மருந்து கொடுக்கும் யன்னலை அடைந்தபோது பதினொன்றேகால். கிளினிக் கொப்பியில் எழுதப்பட்டிருந்த ஐந்து மருந்துகளில் மூன்று கிடைத்தன. மற்ற இரண்டையும் ஒரு துண்டில் எழுதி, வெளியில் வாங்கச் சொன்னார்கள். மருந்தாளர் மீது எனக்குக் குறையில்லை. இல்லாததை அவர் எங்கிருந்து கொடுப்பார்? வீதியைக் கடந்து, பார்மசியில் 2,340 ரூபா கொடுத்து வாங்கினேன். துண்டு என் சட்டைப்பையோடு வீடு வந்து சேர்ந்தது. அந்த இரண்டு மருந்துகள் அன்று தேவைப்பட்டன என்பதற்கு மருத்துவமனையில் எந்தப் பதிவும் இல்லை.

சுகாதார அமைச்சின் மருத்துவ வழங்கல் பிரிவு மருத்துவமனைகளின் மருந்துத் தேவை மதிப்பீடுகளைத் திரட்ட, அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் விலைமனு கோரிக் கொள்வனவு செய்கிறது. அந்த மதிப்பீட்டுக்கு முக்கியமான அடிப்படைகளில் ஒன்று முன்னைய காலத்தில் வழங்கப்பட்ட அளவு. மாதம் ஆயிரம் குளிசை தேவைப்படும் கிளினிக்கில், எட்டு மாதங்கள் மட்டுமே கையிருப்பு இருந்ததென்று வைத்துக்கொள்வோம். ஏட்டில் ஏறுவது 8,000. உண்மைத் தேவையோ 12,000. ஏட்டை மட்டும் நம்பினால் இவ்வாண்டின் தட்டுப்பாடு அடுத்த ஆண்டின் தேவைக்குறைவாக மாறி, மறுபடியும் குறைவாகவே தருவிக்கப்படும். நிதி தாராளமாகக் கிடைத்தாலும் இந்தச் சுழல் தானாக நிற்காது. தட்டுப்பாடு மிகுந்திருந்த 2022 போன்ற ஓராண்டின் எண்களை வழமையான ஆண்டின் எண்களாக எடுத்துக்கொள்வது இதைவிடப் பெரிய தவறு.

இலவச மருத்துவம் உள்ள நாட்டில், மொத்தச் சுகாதாரச் செலவில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் மக்களின் சொந்தப் பணமே. அதில் எவ்வளவு இத்தகைய துண்டுகளுக்காகப் போகிறது என்பதை அறியவும், வழங்க முடியாமற்போன மருந்துகளின் பதிவு ஒன்று இருந்தால் உதவும்.

ஆகவே, வழங்க முடியாமற்போன மருந்தின் பெயர், அளவு, திகதி ஆகியவற்றை யன்னலிலேயே பதியவும், மதிப்பீடு தயாரிக்கையில் அவற்றை வழங்கிய அளவோடு கூட்டிக்கொள்ளவும் சுகாதார அமைச்சு பணிக்க வேண்டும். ஆளணி போதாது என்பார்கள், அது உண்மைதான். கணினி இல்லாத இடங்களில் கார்பன் தாள் வைத்த துண்டுப் புத்தகம் போதும்: ஒரு பிரதி நோயாளிக்கு, மறு பிரதி மாத முடிவில் களஞ்சியப் பொறுப்பாளருக்கு.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.