புள்ளிக்கு அப்புறம் இருப்பது பந்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர்ப் பக்கம் நடந்த பத்து ஓவர் டென்னிஸ் பந்து போட்டியில், அரையிறுதியின் கடைசி இடத்துக்கு இரண்டு அணிகள் மல்லுக்கு நின்றன. கடைசி ஆட்டத்தின் ரன்ரேட்டை, அதாவது ஓவருக்கு எத்தனை ரன் என்பதை, பார்ப்பது என்று பேச்சு. எங்கள் பையன்கள் 9 ஓவரில் 97 எடுத்திருந்தார்கள். அந்த இடத்துக்கு நின்ற மற்ற அணி அதன் ஆட்டத்தில் 8.4 ஓவரில் 92. கமிட்டிக்காரர் கைபேசியை எடுத்து 92-ஐ 8.4-ஆல் வகுத்தார். 10.95 வந்தது. எங்களுக்கு 10.78. முடிந்தது கதை.

8.4 என்றால் எட்டு ஓவரும் நாலு பந்தும், அதாவது 52 பந்து. 92-ஐ ஆறால் பெருக்கி 52-ஆல் வகுத்தால் 10.62தான் வருகிறது. ஸ்கோர் புத்தகத்தின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன். "கால்குலேட்டர் பொய் சொல்லுமா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுக் கோப்பையைத் துடைக்கப் போய்விட்டார்கள்.

மூன்று ரூபாய் எட்டணாவை 3.8 என்று எழுதி வகுத்திருந்தால் அந்தக் காலத்துப் பலசரக்குக் கடைக் கணக்குப்பிள்ளைக்கு அன்றோடு வேலை போயிருக்கும். ரூபாய்க்குப் பதினாறு அணா என்பது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். ஓவருக்கு ஆறு பந்து என்பது நமக்கும் தெரியும்தான், வகுக்கும்போது மட்டும் மறந்துவிடுகிறது. (ஆஸ்திரேலியாவில் 1978-79 வரை ஓவருக்கு எட்டுப் பந்து. அங்கே இதே 8.4 என்றால் 68 பந்து!)

நம்மூர்க் கமிட்டியை மட்டும் குறை சொல்வானேன்? 2023 ஆசியக் கோப்பையில், லாகூரில், இலங்கையின் 291-ஐ 37.1 ஓவருக்குள் தாண்டினால் அடுத்த சுற்று என்று ஆப்கானிஸ்தான் விரட்டியது. 37.1-ல் 289-க்கு ஒன்பதாவது விக்கெட் விழுந்தது. இனி வழியில்லை என்று நினைத்து, கடைசியாக வந்தவர் இரண்டு பந்தைத் தட்டிவிட்டு மூன்றாவதில் அவுட். ரன் கூடினால் ரன்ரேட்டும் கூடும் என்பதால், உண்மையில் 37.4-க்குள் 295-ஐத் தொட்டிருந்தாலும் உள்ளே போயிருக்கலாம். ஒரு சிக்ஸர் போதும். அந்தக் கணக்கு அவர்களுக்குச் சொல்லப்படவே இல்லை என்று பயிற்சியாளரே பிறகு சொன்னார்.

ஆல் அவுட் ஆன அணிக்கு முழு ஓவரையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது தனிச் சண்டை, அதை இன்னொரு கடிதத்தில் வைத்துக்கொள்கிறேன்.

ஆசிரியரிடம் ஒரு கோரிக்கை. சங்கர் நகர் மைதானத்து டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) ஆட்டமானாலும் பள்ளிப் பிள்ளைகள் ஆட்டமானாலும், தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் 8.4 ஓவர் என்பதன் பக்கத்திலேயே 52 பந்து என்றும் அச்சிடுங்கள். அடுத்த போட்டிக்கு அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கொண்டுபோய்க் கமிட்டி மேஜையில் ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஸ்கோரர்,
பாளையங்கோட்டை