ஆறும்போது இறுகும் கம்பி

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு அடங்கியது. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடு.

சூரிச்சில் அப்படி என்னதான் வேலை என்று கேட்டிருந்தாய். வடிவத்தை நினைவில் வைத்திருக்கும் இரும்பு, அவ்வளவுதான். பக்கத்து ஊரான டூபென்டார்ஃபில் உள்ள எம்பா ஆய்வுக்கூடத்தில் உருவான கலவை அது. இரும்போடு 17 சதவீதம் மாங்கனீசு, 10 குரோமியம், 5 சிலிக்கான், 4 நிக்கல், துளி வனேடியமும் கார்பனும். இந்தக் கம்பியை 4 சதவீதம் நீளும்படி இழுத்து விடுகிறோம், உள்ளே படிக அமைப்பு ஓரளவு மாறிவிடுவதால் நீளத்தில் பெரும்பகுதி அப்படியே நிற்கும். அப்புறம் இரண்டு முனையையும் அசையாமல் பிடித்துக்கொண்டு 160 டிகிரிக்குச் சூடாக்கினால் அது சுருங்கப் பார்க்கும், பிடி விடாது, அந்த இழுபறியில் கம்பிக்குள் பிறக்கும் இழுவிசைதான் (ஓர் அலகு பரப்புக்கு இவ்வளவு என்று அளப்பது) மீட்புத் தகைவு.

முதல் தடவை சோதித்தபோது, சூடேற ஆரம்பித்ததும் தகைவு இறங்கியது. பிடி நழுவிவிட்டது என்றே நினைத்தேன். நழுவவில்லை, சூட்டில் எந்த உலோகமும் விரியும் இல்லையா, அந்த விரிவு முதலில் முந்திக்கொள்கிறது. கொஞ்ச நேரத்தில் படிகம் பழைய நிலைக்குத் திரும்பத் தொடங்க, வரைபடத்தில் தகைவுக் கோடு நிமிர்ந்து ஏறியது. ஆனால் ஹீட்டரை அணைத்த பிறகுதான் எனக்கு வியப்பு. ஆற ஆற, குளிரில் சுருங்கும் இழுப்பும் சேர்ந்து, அறை வெப்பத்துக்கு வரும்போது 300 மெகாபாஸ்கலைத் தாண்டி நின்றது. 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பி ஒன்றுக்குக் கணக்குப் போட்டுப் பார், ஏறத்தாழ 6 டன்!

நிக்கல்-டைட்டானியம் கம்பியாக இருந்தால் ஆறும்போதே இந்த இழுப்பில் நிறைய போய்விடும். இது தங்குகிறது, விலையும் குறைவு. அதனால்தான் பழைய பாலத்தின் கான்கிரீட்டை இறுக்கிப் பிடித்து வலுவாக்க இது பொருத்தம் என்று அடித்துச் சொல்கிறேன்: கம்பியை இழுக்க ஜாக் வேண்டாம், அதை நுழைக்கக் குழாய் வேண்டாம், மின்சாரம் பாய்ச்சிச் சூடாக்கினால் போதும். கான்கிரீட்டும் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும் என்பதால் ஆய்வுக்கூடத்து அளவு முழுதாகக் கிடைக்காது, அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வண்டிப் பளு மாறி மாறி ஏறி இறங்கினால் தகைவு குறைகிறது, மறுபடி சூடாக்கினால் குறைந்ததில் கொஞ்சம் மீளவும் செய்கிறது. எவ்வளவு என்றுதான் அடுத்த வாரம் பார்க்கப் போகிறேன். வரைபடம் அனுப்புகிறேன், உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
ரவி