மருந்துக்கடை அண்ணனுக்கு எங்கள் நன்றி

மதுரை டவுன்ஹால் ரோட்டு மருந்துக்கடையில், புத்தகயா, லும்பினி யாத்திரைக்கான எங்கள் பட்டியலை வரி வரியாகத் திருத்திக் கொடுத்த அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி. பெயர் கேட்டும் சொல்லவில்லை நீங்கள்.

வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைத் தூளான ஓ.ஆர்.எஸ்., பெரிய பாக்கெட் என்றால் முழுதாக 1 லிட்டர் தண்ணீரில், சின்னது என்றால் 200 மி.லி.யில். பெரியதை ஒரு டம்ளரில் கொட்டினால் உப்பு மிகுந்து வயிற்றுப்போக்கு கூடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைக்கக் கூடாது. வயதானவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு இதுதான் உயிர்நாடி. டிசம்பர், ஜனவரி மூடுபனியில் வடக்கே ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும் என்பதால், பிரஷர், சர்க்கரை மாத்திரைகளைக் கூடுதலாக எடுத்து, மருந்துச் சீட்டோடு கைப்பையிலேயே வைக்கச் சொன்னீர்கள். பெட்டியில் போட்டால் அவசரத்துக்குக் கைக்கு வராது.

லும்பினி நேபாளத்தில் இருக்கிறது. சோனௌலி எல்லையில் 15 முதல் 65 வயதுக்காரர்களுக்கு ஆதார் போதாது. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை, அசலாகவே வேண்டும்.

புத்தகயாவின் மகாபோதி கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. கூட்டத்தில் பிரிந்தால் அழைக்க வழியில்லை. அதனால் தங்குமிடத்தின் பெயரும் குழுத் தலைவர் எண்ணும், இந்தியிலும் எழுதி, ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கட்டும் என்றீர்கள். அந்த இந்தி வரிகளையும் நீங்களே எழுதித் தந்தீர்களே, அதற்குத் தனி நன்றி அண்ணே.