அக்காவைச் சேர்க்காத கணக்கு

நரிப்பையூர்
12.6.2025

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. ஆஸ்துமா மருந்தாய்வில் சேரலாமா என்று போனில் கேட்டால் ‘சேர்’ என்றோ ‘சேராதே’ என்றோ ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுவேன் என்று தெரிந்துதான் நாலு பக்கம் எழுதிக் கேட்டிருக்கிறாய். சரி, நானும் பக்கம் பார்க்காமல் எழுதுகிறேன்.

இங்கே கச்சான் காற்று அடிக்கிறது. திண்ணையில் காகிதத்தை வைத்தால் பறக்கிறது, உள்ளே உட்கார்ந்தால் புழுங்குகிறது. பதநீர் இன்னும் ஓடுகிறது, மரம் ஏறத்தான் ஆள் இல்லை. நாம் படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வரிசையாகப் பதநீர் காய்ச்சும் குடிசைகள், விடிலிகள், இருந்தனவே, இப்போது இரண்டில்தான் அடுப்பு எரிகிறது. மிச்ச இடத்தையெல்லாம் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. அதை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறார்கள். ஆக, புகைக்கு மட்டும் ஊரில் குறைவில்லை.

உன் கேள்விக்கு வருமுன் அக்காவின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அது வேறு, இது வேறு என்று நினைக்காதே.

மூன்று வருஷமாக அக்காவுக்கு மாடு கட்டுகிற தூரம் நடந்தாலே மூச்சு வாங்கியது. ஓர் ஆஸ்பத்திரியில் சளியைப் பரிசோதித்து டிபி இல்லை என்றார்கள், அதோடு அனுப்பிவிட்டார்கள். இன்னோரிடத்தில் அலர்ஜி என்றார்கள். இழுப்பு அதிகமானால் டெரிஃபிலின் ஊசி, மறுநாள் கொஞ்சம் தேவலை, பத்து நாளில் பழையபடி. பீடி சிகரெட்டைத் தொடாத பொம்பளைக்கு நுரையீரல் அடைப்பு நோய் வருமா என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர்களைச் சொல்வானேன், எனக்கே தோன்றவில்லை. முப்பத்தொரு வருஷம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுத்தவன் நான்.

கடைசியில் ராமநாதபுரத்தில் ஊதிப் பார்க்கிற பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் குழாயைக் கொடுத்து, நெஞ்சு நிறைய இழுத்து ஒரே மூச்சில் ஊதச் சொன்னார்கள். அந்தப் பெண் ‘ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்’ என்று கத்துகிறாள். அக்கா இரண்டு வினாடி ஊதிவிட்டுக் குழாயைக் கீழே வைத்துவிட்டாள். ஊதாங்குழலால் அறுபது வருஷம் அடுப்பை ஊதியவள், முருகேசா. நாலாவது தடவைதான் சரியாக வந்தது. மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பூட்டமால் கொடுத்துக் கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொன்னார்கள். மொத்தமாக வெளியே வரும் காற்றில் எழுபது சதவீதமாவது முதல் ஒரு வினாடியில் வந்துவிட வேண்டும். அக்காவுக்கு ஐம்பதுகூட வரவில்லை, மருந்து கொடுத்த பிறகும். ஆஸ்துமா என்றால் பெரும்பாலும் மருந்துக்கு மூச்சுக்குழாய் விரியும். இது விரியவில்லை. சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

பதினாறு வயதில் கல்யாணமாகி வந்த நாள் முதல் மாசியிலிருந்து ஆடி வரை தினமும் ஐந்து ஆறு மணி நேரம் அந்த விடிலிக்குள் இருந்தவள். குனிந்துதான் நுழையவேண்டும், நிமிர்ந்தால் முகத்தில் புகை. மச்சான் இறக்கி வந்த பதநீரை ஓலையும் கருவேல விறகும் போட்டுக் காய்ச்சிப் பாகாக்கி, சிரட்டையில் ஊற்றும் வரை அடுப்பை விட்டு நகர முடியாது. திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகைபிடிக்காத 900 பெண்களைச் சோதித்து 2011-ல் ஒரு கட்டுரை வந்தது. நூற்றுக்கு இரண்டரைப் பேர் அளவுக்கு இந்த நோய் இருந்தது. சமையலுக்கு அடுப்படியில் தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருப்பவர்களுக்கு அதிகம் என்றும் அதில் எழுதியிருந்தார்கள். இரண்டு மணி நேரம்! அக்காவிடம் சொன்னேன். ‘அது காப்பி போடுற நேரம்டா’ என்றாள்.

அக்காவுக்குக் கொடுத்த மருந்து டையோட்ரோபியம். தினமும் ஒரு தடவை உறிஞ்சவேண்டும். இதன் வம்சம் உனக்குப் பிடிக்கும். நம் பெரியப்பா காய்ந்த ஊமத்தை இலையைச் சுருட்டிப் பிடிப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? மூச்சு லேசாகும், ஆனால் ராத்திரி சுவரோடு பேசிக்கொண்டிருப்பார். சென்னையில் இந்த வழக்கத்தைப் பார்த்துத்தான் 1802-ல் வெள்ளைக்காரர்கள் ஊமத்தையை பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். அதில் இருக்கும் சரக்கு அட்ரோபின் வகையைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்து மூலக்கூறைத் திருத்தி, மூளைக்கு ஏறாமல் மூச்சுக்குழாயோடு நிற்கும்படி செய்ததுதான் இப்ராட்ரோபியம், அதற்கடுத்து டையோட்ரோபியம். பெரியப்பா வைத்தியம் சரி என்று சொல்ல வரவில்லை. ஊமத்தை விஷம், அளவு கொஞ்சம் தவறினால் ஆளை முடித்துவிடும்.

நான் சொல்ல வந்தது வேறு. இந்த மருந்தை வைத்து நடந்த பெரிய ஆய்வுக்கு அப்லிஃப்ட் என்று பெயர், 2008-ல் முடிவு வந்தது. 37 நாடுகள், கிட்டத்தட்ட 6000 பேர், நாலு வருஷம். நுரையீரல் தேயும் வேகத்தை மருந்து குறைக்கவில்லை. ஆனால் திடீரென்று நோய் முற்றுவது குறைந்தது. நல்ல ஆய்வுதான். ஆனால் யாரைச் சேர்த்தார்கள் என்று பார்த்தேன். குறைந்தது பத்து ‘பாக்கெட் வருஷம்’ புகைத்திருக்க வேண்டும், அதாவது தினமும் இருபது சிகரெட் வீதம் பத்து வருஷம். நாலில் மூன்று பேர் ஆண்கள். விடிலிப் புகையில் நெஞ்சைக் கருக்கிக்கொண்ட ஒரு பெண் அந்த வாசலுக்குப் போய் நின்றிருந்தால் ‘நீ புகைக்கவில்லையே தாயே’ என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். மருந்து அக்காவுக்குக் கேட்கிறது, அது வரை சந்தோஷம். ஆனால் அவளைப் போன்றவர்களிடம் கேட்கும் என்று சோதித்துச் சொன்ன மருந்தல்ல, அவர்களிடமும் கேட்கும் என்று நம்பிக் கொடுக்கிற மருந்து. உலகத்தில் இந்த நோய் உள்ளவர்களில் கால் பங்கிலிருந்து பாதிக்குக் கொஞ்சம் குறைவு வரை புகைக்கவே புகைக்காதவர்கள் என்று லான்செட் மருத்துவ இதழில் 2009-லேயே கட்டுரை வந்துவிட்டது. விறகுப் புகையால் வருகிற சிஓபிடி என்று தனி வகை பிரித்து, கோல்டு என்ற உலக வழிகாட்டி சொன்னது 2023-ல்தான். நடுவே பதினாலு வருஷம்.

இப்போது உன் கதை. பெரியவர்களுக்கான ஆஸ்துமா மருந்தாய்வில் சேரலாமா என்று கேட்கிறாய். மாப்ளே, நீ சேர்வது இருக்கட்டும், உன்னைச் சேர்ப்பார்களா? லாரி புக்கிங் ஆபீஸில் இருந்த 22 வருஷமும் நாளுக்குப் பத்து சிகரெட். அரை பாக்கெட் பெருக்கல் 22, பதினொரு பாக்கெட் வருஷம். ஆஸ்துமா ஆய்வுகளில் வழக்கமாகப் பத்துக்கு மேல் போனால் வெளியே. சிஓபிடி ஆய்வுக்குப் போனால் ‘சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமாவா? வேண்டாம்’ என்பார்கள். இந்த வாசலிலும் இடமில்லை, அந்த வாசலிலும் இடமில்லை. உன்னை மாதிரி இரண்டும் கலந்த ஆள் நம் தெருவிலேயே ஆறு பேரைக் காட்டுவேன்.

இதை யாரோ சும்மா சொல்லவில்லை. நியூசிலாந்தில் வெலிங்டன் நகரத்துக்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஊரில் ஆஸ்துமா இருக்கிற சாதாரண ஜனங்களை எடுத்துக்கொண்டு, சிகிச்சை வழிகாட்டிக்கு அடிப்படையாக இருந்த பெரிய ஆய்வுகளின் நிபந்தனைகளை அவர்கள் மேல் வைத்துப் பார்த்தார்கள். ஆய்வுக்கு ஆய்வு வித்தியாசம் உண்டு, ஆனால் நடுவாக எடுத்தால் நூற்றில் நாலு பேர்தான் தேறினார்கள். சிஓபிடியிலும் அப்படியே பார்த்ததில் நூற்றில் ஐந்து பேர். இரண்டும் 2007-ல் வெளியானவை. மிச்சத் தொண்ணூற்றைந்து பேரும் அந்த ஐந்து பேருக்குத் தைத்த சட்டையைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆய்வாளர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. புளித்த பதநீரையும் நல்ல பதநீரையும் ஒன்றாக ஊற்றிக் காய்ச்சிவிட்டுக் கருப்பட்டி இறுகவில்லை என்று விறகைக் குறை சொல்ல முடியுமா? மருந்தின் வேலை துல்லியமாகத் தெரியவேண்டுமானால் நோய் ஒரே மாதிரி இருக்கவேண்டும். எனக்கு அது புரியாமல் இல்லை. அந்த முதல் சோதனையோடு நிறுத்திவிடுகிறார்களே என்பதுதான் என் வருத்தம். நிறுத்தாமல் போனவர்களும் உண்டு. இங்கிலாந்தில் சால்ஃபோர்டு என்ற ஊரில் 2800 சிஓபிடி நோயாளிகளை, அவர்கள் வழக்கமாகப் போகும் டாக்டர், வழக்கமாக மருந்து வாங்கும் கடை என்று எதையும் மாற்றாமல், பாதிப் பேருக்கு ஒரு புது உறிஞ்சு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2016-ல் முடிவு வந்தது. நோய் முற்றுவது எட்டுச் சதவீதத்துக்குச் சற்று மேல் குறைந்தது. சின்ன எண்தான், ஆனால் நிஜ எண். தெருமுனை மருந்துக் கடைக்காரரும் அந்த ஆய்வில் ஓர் ஆள் என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

நம் ஆட்களை வைத்தே செய்து உலகத்தை மாற்றிய சோதனை நம்மிடம் இல்லாமலா போயிற்று? சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் மையத்தை நினைத்துப் பார். காசநோயாளிகளைத் தங்கவைக்கும் சானடோரியத்தில் படுக்கை, பால், முட்டை என்று இருந்தவர்களையும், நெரிசலான குடிசையில் இருந்தபடியே மாத்திரை விழுங்கியவர்களையும் ஒப்பிட்டார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். 1959-ல் அது வெளிவந்த பிறகு உலகம் முழுக்க சானடோரியங்களின் காலம் முடிய ஆரம்பித்தது. குடிசைவாசியைத் தள்ளிவைத்திருந்தால் அந்த உண்மை தெரிந்திருக்குமா?

அதனால் என் பதில்: போ. பரிசோதனைக்கு நில். சேர்த்தால் சேர். ஆனால் கையெழுத்துப் போடுமுன் தமிழில் எழுதிய விவரத் தாளை வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்து படி, அங்கேயே நின்று படிக்காதே. இந்தியப் பதிவேட்டில் பதிவு செய்த ஆய்வா என்று கேள், 2009-லிருந்து அது கட்டாயம். மருந்தால் ஏதாவது ஆனால் வைத்தியச் செலவும் இழப்பீடும் அவர்கள் பொறுப்பு என்று 2019 விதிகளில் இருக்கிறது. முக்கியமாக, புது மருந்து யாருக்கு என்று போடும் சீட்டுக் குலுக்கலில் நீ மறு பக்கம் விழுந்தால் உனக்கு என்ன மருந்து தருவார்கள் என்று கேள். நடுவில் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், காரணம் சொல்லவேண்டியதில்லை.

அப்புறம் ஒன்று. நீ இன்னும் அந்த நீல சல்பூட்டமால் பம்பை மட்டும்தான் அடிக்கிறாய் என்று உன் கடிதத்திலிருந்து தெரிகிறது. ஆய்வுக்குப் போகிறாயோ இல்லையோ, அதை டாக்டரிடம் சொல். அதே நியூசிலாந்தில் 1976-க்குப் பிறகு ஆஸ்துமா சாவுகள் ஏறின. ஃபெனோடெரால் என்ற பம்புதான் காரணம் என்று 1989-ல் கண்டுபிடித்தார்கள். அதைக் கட்டுப்படுத்தினார்கள், சாவு இறங்கியது. சல்பூட்டமால் அவ்வளவு மோசமில்லை. ஆனால் அதுவும் குழாயை விரிக்குமே தவிர உள்ளே இருக்கிற அழற்சியைத் தொடாது. சிக்மா என்று இரண்டு ஆய்வுகள் 2018-ல் வந்தன. லேசான ஆஸ்துமாக்காரர்கள் இழுக்கும்போது மட்டும், அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டான புடெசொனைடும் குழாயை விரிக்கும் ஃபார்மடெராலும் சேர்ந்த பம்பை அடித்தார்கள். அவற்றில் ஒன்றில், விரிக்கும் மருந்தை மட்டும் அடித்தவர்களைவிடக் கடுமையான தாக்குதல் 64 சதவீதம் குறைவு. மறு வருஷமே, பெரியவர்களுக்கு விரிக்கும் மருந்து மட்டும் போதாது என்று ஜீனா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டி மாற்றி எழுதிவிட்டது. ‘ஸ்டீராய்டு பம்ப் அடித்தால் பழகிப்போகும்’ என்று உன் சம்பந்தி சொல்வதைக் கேட்காதே. அவர் கண்ணாடிக்கும் அதையேதான் சொன்னார்.

நான் ஓய்வு பெறும் வரை எத்தனை பேருக்கு வெறும் சல்பூட்டமால் மாத்திரையை எண்ணிக் கொடுத்திருப்பேன் என்று சில ராத்திரி நினைப்பு வருகிறது. அப்போது அதுதான் இருந்தது, அதைக் கொடுத்தோம்.

உன் பேத்தி கல்லூரி சேர்ந்தது பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டாய். அடுத்த கடிதத்தில் அதை விரிவாக எழுது. பரிசோதனையில் உன்னைத் தள்ளினார்களா, எடுத்தார்களா என்பதையும் எழுது. தள்ளினால் என்ன காரணம் சொன்னார்கள் என்று அப்படியே எழுது, அக்காவுக்குப் படித்துக் காட்டவேண்டும்.

அவள் உனக்கு இரண்டு கிலோ கருப்பட்டி எடுத்து வைத்திருக்கிறாள், பார்சலில் அனுப்புகிறேன். இந்த வருஷம் அவள் காய்ச்சவில்லை, பக்கத்து விடிலியில் வாங்கியது. அதை உன்னிடம் சொல்லக் கூடாது என்றாள்.

அன்புடன்,
காசி